சட்டசபையா, புறக்கணிப்பா?

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சாலைப் பெயர்கள் மனப்பாடம். கரோல்பாக்கில் குடியிருந்த நம் மூத்தோர் பண்டிகைக்குத் துணியெடுக்கச் சென்றது அஜ்மல்கான் சாலைக்கு. உடல் நலம் குன்றினால் நாம் விரைவது அன்சாரி நகரில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு. துர்க்கா பூஜையின்போது வங்காளி நண்பர்கள் நம்மை அழைப்பது சித்தரஞ்சன் பூங்காவுக்கு. ரபி மார்க்கில் விட்டல்பாய் பட்டேல் மாளிகை நிற்கிறது. அதற்குச் சிறிது தூரத்தில் அவருடைய தம்பி சர்தார் வல்லபாயின் பெயர் தாங்கிய பட்டேல் சௌக். இன்னும் சற்றுச் சென்றால் மோதிலால் நேரு மார்க்கும் ராஜாஜி மார்க்கும் உண்டு.

இப்பெயர்களுக்குரிய பெருமக்கள் அனைவரும் ஒரே மகாசபையைச் சேர்ந்தவர்கள். எல்லோரும் காந்தியடிகளைத் தலைவராகக் கொண்டவர்கள். ஆயினும் 1922-ஆம் ஆண்டின் இறுதியில் இவர்கள் இரண்டு பாசறைகளாகப் பிரிந்து, ஒருவரையொருவர் மேடையிலும் பத்திரிகையிலும் கடுமையாக எதிர்த்து நின்றனர். அஜ்மல்கானும் மோதிலாலும் சித்தரஞ்சன் தாஸும் விட்டல்பாயும் ஒரு புறம். அன்சாரியும் வல்லபாயும் ராஜாஜியும் மறு புறம். உடன்பிறந்த பட்டேல் சகோதரர் இருவரும் எதிரெதிர் அணியில் இருந்தனர் என்பது நம் குழந்தைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? சாலைப் பலகைகள் சண்டைகளைச் சொல்வதில்லை. அந்தச் சண்டையில் நம் தமிழ்நாட்டார்க்குப் பெரும் பங்கு இருந்தமையால், அதனை இவ்வாண்டு மலரில் சிறிது விரிவாக நினைவுகூர்வது பொருந்தும் என எண்ணுகின்றேன்.

சண்டை எதைப் பற்றியது? 1919-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆங்கில அரசு மாகாணங்களில் இரட்டையாட்சியைக் கொண்டு வந்தது. கல்வி, சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனம் முதலிய துறைகள் சட்டசபைக்குப் பொறுப்பான மந்திரிகளிடம் விடப்பட்டன. நிதியும் போலீசும் நிலவரியும் கவர்னரின் நிர்வாக சபை அங்கத்தினரிடமே இருந்தன. மந்திரி பள்ளிக்கூடம் திறக்கலாம். அதற்குரிய பணத்துக்கு மற்றவரிடம் கையேந்த வேண்டும். இப்பேர்ப்பட்ட சட்டசபைக்குள் தேசியவாதிகள் போகலாமா, கூடாதா என்பதே கேள்வி.

1920 செப்டம்பரில் கல்கத்தாவில் கூடிய விசேஷ மகாசபை, கூடாது என்று விடை சொல்லிற்று. பட்டங்களைத் துறப்பது, நீதிமன்றங்களையும் அரசாங்கக் கல்விச்சாலைகளையும் விட்டு விலகுவது, சட்டசபைகளைப் புறக்கணிப்பது என்னும் காந்தியடிகளின் திட்டம் நிறைவேறியது. அதனை அன்று எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் சித்தரஞ்சன் தாஸ். மூன்றே மாதங்கள் கழித்து, சேலம் விஜயராகவாச்சாரியார் தலைமையில் கூடிய நாகபுரி மகாசபையில், அதே ஒத்துழையாமைத் தீர்மானத்தைப் பிரேரித்தவரும் அவரே. ஏற்றுக்கொண்டபின் அரைமனத்தோடு நிற்கவில்லை. பெருவருமானம் தந்த வழக்கறிஞர் தொழிலை விட்டொழித்தார். மோதிலால் நேருவும் அவ்வாறே விட்டார். நாடு தாஸை ‘தேசபந்து’ என்று அழைத்தது.

காங்கிரஸ் புறக்கணித்தது. ஆனால் சட்டசபை வெறுமையாகக் கிடக்கவில்லை. இதற்குச் சென்னை மாகாணத்தைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. 1920 இறுதியில் நடந்த தேர்தலில் ஜஸ்டிஸ் கட்சி வென்று, சுப்பராயலு ரெட்டியார் தலைமையிலும், அடுத்த ஆண்டு முதல் பனகல் அரசர் தலைமையிலும் மந்திரி சபை அமைத்தது. சட்டசபைத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்க முதன்முதலில் முன்வந்த மாகாணம் சென்னை. அத்தீர்மானம் 1921-இல் நிறைவேறியது. அரசாங்க உத்தியோகங்களில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்துக்கான முதல் ஆணையும் அவ்வாண்டே பிறந்தது. சட்டசபையை வெறும் மாயத்தோற்றம் என்று காங்கிரஸ்காரர்கள் கூறிக்கொண்டிருந்தபோது, அந்த மாயத்தோற்றத்துக்குள்ளிருந்து வேறு சிலர் ஆணைகள் பிறப்பித்துக்கொண்டிருந்தனர். இவ்வுண்மையைப் புறக்கணிப்பின் ஆதரவாளர்கள் போதுமான அளவு எண்ணிப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஓராண்டுக்குள் சுயராஜ்யம் என்ற ஆர்வத்தில் நாடு பொங்கியிருந்தது. 1922 பிப்ரவரித் தொடக்கத்தில் சௌரி சௌராவில் ஜனக்கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்தது. போலீஸ்காரர்கள் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். காந்தியடிகள் பர்தோலியில் இயக்கத்தை நிறுத்தினார். மார்ச் மாதம் கைதாகி ஆறாண்டுத் தண்டனை பெற்றார். இயக்கமும் நின்றது, தலைவரும் சிறையில்; அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் புலப்படவில்லை.

நாட்டின் நிலையைச் சுற்றிப் பார்த்து அறிக்கை தருமாறு மகாசபை அறுவர் கொண்ட குழு ஒன்றை நியமித்தது. ஹக்கீம் அஜ்மல்கான், மோதிலால் நேரு, விட்டல்பாய் பட்டேல், டாக்டர் அன்சாரி, ராஜாஜி, ‘ஹிந்து’ பத்திரிகை ஆசிரியர் கஸ்தூரிரங்க அய்யங்கார் ஆகியோர் அவ்வறுவர். ஊர் ஊராகச் சென்றனர், சாட்சியம் கேட்டனர். சட்டசபைப் பிரவேசம் பற்றிய முடிவில் சரிபாதியாகப் பிளந்தனர். முதல் மூவர் போகலாம் என்றனர். பின் மூவர் போகலாகாது என்றனர். தில்லியின் புகழ்பெற்ற இரு வைத்தியர்கள், ஒருவர் யூனானி ஹக்கீம், மற்றவர் மேல்நாட்டு முறை பயின்ற ரண வைத்தியர், நெருங்கிய நண்பர்கள், ஒரே நோயாளிக்கு நேர்மாறான மருந்து எழுதினர். அறுவரில் இருந்த தமிழர் இருவரும் ஒரே பக்கம், புறக்கணிப்பின் பக்கம், நின்றனர் என்பதையும் கவனிக்க வேண்டும்.

தாஸின் வாதம் எளிமையானது போலத் தோன்றும்; உண்மையில் அது நுட்பமானது. ஒத்துழைக்கும் பொருட்டுச் சட்டசபைக்குப் போக வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஒத்துழையாமையையே சட்டசபைக்குள் கொண்டு செல்ல வேண்டும் என்றார். உள்ளே புகுந்து, வரவுசெலவுத் திட்டத்தை நிராகரித்து, மந்திரிகளின் சம்பளத்தை மறுத்து, கவர்னர் தம் விசேஷ அதிகாரத்தை வெளிப்படையாகப் பிரயோகிக்கும்படி செய்துவிட்டால், ஜனநாயகம் என்ற முகமூடி தானே கழன்று விழும். சத்தியாக்கிரகத்துக்கு நாடு சித்தமாக இல்லாத காலத்தில் ஊக்கம் குன்றாதிருக்க ஏதேனும் ஒரு போர்க்களம் வேண்டும். வெளியே கதர் நெய்வது நன்று; ஆனால் உள்ளே எதிரிக்கு ஏன் காலி மைதானம் விட வேண்டும்?

ராஜாஜியின் மறுப்பும் இலேசானதன்று. அவர் அச்சம் சட்டசபையைப் பற்றியதைவிட மனித சுபாவத்தைப் பற்றியது. அழிப்பதற்கென்று உள்ளே செல்பவன் நாளடைவில் அங்கேயே அமர்ந்துவிடுவான். இன்று முட்டுக்கட்டை போடுவான், நாளை ஒரு நல்ல மசோதாவுக்குக் கை தூக்குவான், மறுநாள் ஒரு கமிட்டியில் இடம் பெறுவான். கிராமங்களில் நூற்பும் தீண்டாமை ஒழிப்பும் மதுவிலக்கும் செய்ய வேண்டிய சிறந்த ஊழியர்கள் வாக்குச் சேகரிக்கப் போய்விடுவார்கள். மேலும், தலைவர் சிறையிலிருக்கும்போது அவருடைய திட்டத்தைத் திருத்துவது தகுமா? இக்கடைசி வாதத்தில் நியாயத்தைவிட உணர்ச்சியே மிகுதி என்பது என் கருத்து. ஆனால் சபைகளில் உணர்ச்சிதான் வாக்குகளைச் சேர்க்கிறது.

1922 டிசம்பரில் கயையில் மகாசபை கூடியது. தலைமை வகித்தவர் தாஸ். எதிர்ப்புக்குத் தலைமை வகித்தவர் நாற்பத்துநான்கு வயதான ராஜாஜி. மாறுதல் வேண்டுவோர், மாறுதல் வேண்டாதார் என்று இரு கட்சிகளுக்கும் பெயர் வழங்கலாயிற்று. வாக்கெடுப்பில் தாஸின் பக்கம் 890 பேர். எதிர்ப் பக்கம் 1,700-க்கும் மேல். தாம் தலைமை வகித்த சபையிலேயே இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்ற தாஸ், தலைமைப் பதவியைத் துறந்தார். ஆனால் மகாசபையைத் துறக்கவில்லை. 1923 பிறக்கும் தறுவாயில் காங்கிரசுக்குள்ளேயே சுயராஜ்யக் கட்சி தோன்றியது. தாஸ் தலைவர், மோதிலால் காரியதரிசி.

அடுத்த எட்டு மாதங்கள் மகாசபைக்குச் சோதனைக் காலம். இரு சாராரும் ஊர் ஊராகச் சென்று ஒருவரையொருவர் மறுத்துப் பேசினர். 1907-இல் சூரத்தில் மிதவாதிகளும் தீவிரவாதிகளும் மோதி, சபை குழப்பத்தில் முடிந்து, ஒன்பதாண்டுகள் பிளவுபட்டுக் கிடந்ததை மறந்தவர் எவருமில்லை. மே மாதம் பம்பாயில் கூடிய அகில இந்திய கமிட்டி, சட்டசபைப் பிரவேசத்துக்கு எதிராகப் பிரசாரம் செய்வதில்லை எனத் தீர்மானித்தது. அதனை ஏற்க இயலாமல் ராஜாஜி, ராஜேந்திர பிரசாத், வல்லபாய் முதலியோர் காரியக் கமிட்டியிலிருந்து விலகினர்.

பின்னர், செப்டம்பரில், நாம் வாழும் இத்தில்லி மாநகரில் விசேஷ மகாசபை கூடியது. தலைவர் முப்பத்தைந்து வயதுகூட நிரம்பாத மௌலானா அபுல் கலாம் ஆசாத். அதுவரை மகாசபைத் தலைவராயிருந்தவர்களில் அவரைவிட இளையவர் இல்லை. அங்கு நிறைவேறிய தீர்மானத்தின் சாரம் இது: சமயத்தின் பேராலோ மனச்சாட்சியின் பேராலோ தடையில்லாத காங்கிரஸ்காரர் தேர்தலில் நிற்கலாம், வாக்களிக்கலாம், எதிர்ப்புப் பிரசாரம் நிறுத்தி வைக்கப்படும்.

இத்தீர்மானத்தின் சொல்லமைப்பைச் சிறிது நின்று நோக்க வேண்டும். சட்டசபைக்குப் போவது சரி என்று அது சொல்லவில்லை. தவறு என்றும் சொல்லவில்லை. கயையில் வென்றவர்களைத் தங்கள் வெற்றியைத் திருப்பித் தருமாறு கேட்கவில்லை; தோற்றவர்களைத் தங்கள் கருத்தை விழுங்குமாறும் கேட்கவில்லை. போகிறவன் போகட்டும், போகாதவன் தன் இராட்டினத்தைச் சுற்றட்டும், இருவரும் ஒரே கொடியின் கீழ் இருக்கட்டும் என்றது. இதனை வழவழப்பு என்று அன்றே பலர் ஏசினர். ஒரு கட்சி தன் தலையாய கேள்விக்கு விடை சொல்லாமல் நழுவலாமா என்று கேட்டனர். கேள்வி நியாயமானதே. ஆயினும் விடை தெரியாத கேள்விக்கு விடை தெரிந்தது போலப் பெரும்பான்மை வாக்கால் தீர்ப்புச் சொல்லிச் சபையை உடைப்பதைக்காட்டிலும், இரண்டையும் செய்து பார்க்கட்டும் என்று விட்டுவிடுவது தாழ்ந்ததாகுமா? நம் சங்கங்களிலேயே, மண்டபம் கட்டுவதா, வாடகை இடத்தில் இருந்துகொண்டு பணத்தைப் பள்ளிக்குச் செலவிடுவதா என்ற விவாதத்தில் ஆண்டுகள் கழிவதையும், தோற்றவர்கள் அடுத்த மாதமே வேறொரு சங்கம் தொடங்குவதையும் கண்டவர்களுக்கு, அந்தத் தில்லித் தீர்மானத்தின் அருமை தெரியும்.

தேர்தல் நவம்பரில் நடந்தது. ஆயத்தத்துக்குச் சில வாரங்களே கிடைத்தபோதிலும், மத்திய சட்டசபையில் தேர்தலால் நிரப்பப்பட்ட 101 இடங்களில் 42-ஐச் சுயராஜ்யக் கட்சி வென்றது. மத்திய மாகாணத்தில் அறுதிப் பெரும்பான்மை. வங்காளத்தில் தனிப்பெருங் கட்சி. வங்காள கவர்னர் லிட்டன் பிரபு மந்திரி சபை அமைக்க அழைத்தபோது தாஸ் மறுத்துவிட்டார். 1924 பிப்ரவரியில், வட்டமேஜை மகாநாடு கூட்டி இந்தியாவுக்குப் பொறுப்பாட்சி வழங்க வேண்டும் என்ற மோதிலாலின் திருத்தம் 48-க்கு எதிராக 76 வாக்குகளால் நிறைவேறியது. மானியங்கள் நிராகரிக்கப்பட்டன, வைசிராய் தம் தனி அதிகாரத்தால் அவற்றை மீட்டார். முகமூடி கழலும் என்று தாஸ் சொன்னது பொய்யாகவில்லை.

ஆனால் ராஜாஜி சொன்னதும் பொய்யாகவில்லை. அதே 1924-இல் உருக்குத் தொழிலுக்குப் பாதுகாப்பு வழங்கும் மசோதா வந்தது. முட்டுக்கட்டை போடவென்றே வந்தவர்கள் அதனை ஆதரித்தனர். எப்படி ஆதரிக்காதிருப்பர்? ஜாம்ஷெட்பூர் ஆலை மூடப்பட்டால் நஷ்டம் வைசிராய்க்கன்று. அடுத்து, இந்தியரை இராணுவ அதிகாரிகளாகப் பயிற்றுவிப்பது குறித்த ஸ்கீன் கமிட்டியில் மோதிலாலே இடம் பெற்றார். 1925 ஆகஸ்டில் விட்டல்பாய் சட்டசபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்டோபரில் மத்திய மாகாணச் சுயராஜ்யக் கட்சியைச் சேர்ந்த தாம்பே கவர்னரின் நிர்வாக சபையிலேயே பதவி ஏற்றார். மோதிலால் சீறினார். நீங்கள் கமிட்டியில் அமரலாம், உங்கள் நண்பர் தலைமைப் பீடத்தில் அமரலாம், நாங்கள் மட்டும் பதவி ஏற்கலாகாதோ என்று ஜயகர், கேல்கர், மூஞ்சே முதலியோர் கேட்டனர்; பிரிந்து சென்று ‘பதிலுக்குப் பதில் ஒத்துழைப்பு’ என்று தனிக் கட்சி கண்டனர். தூய்மையின் பேரால் தாஸும் மோதிலாலும் நேற்று எதிர்க்கப்பட்டது போக, இன்று மோதிலாலே தூய்மையின் காவலராக நிற்க நேர்ந்தது.

விட்டல்பாயைப் பற்றி ஒன்று சொல்லாமல் அப்பாற் செல்லலாகாது. தலைமைப் பீடத்தில் அமர்ந்தும் அவர் அரசின் ஆளாகிவிடவில்லை. 1928-இல் பொது மக்கள் பாதுகாப்பு மசோதா சமமான வாக்குகளில் நின்றபோது, தம் வாக்கை எதிராகப் போட்டு அதனைத் தோற்கடித்தார். அமர்ந்தவரெல்லாம் மாறிவிடுவர் என்னும் விதிக்கு அவர் விலக்கு. அத்தகைய விலக்குகள் மிகுதி இல்லை.

1924 பிப்ரவரியில், குடல்வால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் விடுதலையான காந்தியடிகள் என்ன செய்தார்? ஜூஹுக் கடற்கரையில் தங்கி தாஸுடனும் மோதிலாலுடனும் பல நாள் பேசினார். சட்டசபைப் பிரவேசம் ஒத்துழையாமைக்கு முரணானது என்ற தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஜூன் மாதம் அகமதாபாத்தில், மகாசபைப் பொறுப்பிலுள்ளோர் மாதந்தோறும் நூல் நூற்றுத் தர வேண்டும் என்ற விதியைக் கொண்டு வந்தார். மோதிலாலும் தாஸும் தம் ஆதரவாளருடன் வெளிநடப்புச் செய்தனர். வாக்கெடுப்பில் வென்றும், தாம் தோற்றுத் தலைகுனிந்ததாகவே காந்தியடிகள் எழுதினார். அக்டோபரில் வங்காளத்தில் அவசரச் சட்டம் பிறந்து, சுயராஜ்யக் கட்சியினர் பலர் விசாரணையின்றிச் சிறைப்பட்டனர். அரசு யாரை அஞ்சுகிறது என்பது அப்போது தெளிவாயிற்று. காந்தியடிகள் கல்கத்தா சென்று தாஸ், மோதிலாலுடன் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார். டிசம்பரில் பெல்காம் மகாசபை அதனை உறுதி செய்தது. காந்தியடிகள் தலைமை வகித்த ஒரே மகாசபை அதுதான். சட்டசபை வேலையை மகாசபையின் சார்பிலேயே சுயராஜ்யக் கட்சி நடத்தும். பதிலாக, அங்கத்தினராவதற்கு மாதம் 2,000 கஜம் நூல். தாமே நூற்க மனமில்லாதவர் பிறர் நூற்றதை வாங்கித் தரலாம்! கடும் கொள்கைவாதியான காந்தியடிகள் ஒப்பிய இச்சலுகையைப் பார்த்து அன்றைய மாறுதல் வேண்டாதார் உள்ளம் வெதும்பினர். ஓராண்டுகூட அந்நிபந்தனை நீடிக்கவில்லை. 1925 செப்டம்பரில் அரசியல் வேலையை மகாசபையே ஏற்றுக்கொள்ள, நூற்பு தனிச் சங்கத்திடம் விடப்பட்டது. அதற்குள் தாஸ் மறைந்துவிட்டார். ஜூன் 16-ஆம் நாள் டார்ஜிலிங்கில் அவர் உயிர் பிரிந்தது.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே புறக்கணிப்புப் பாசறையில் ராஜாஜியுடன் தோளொடு தோள் நின்றவர்கள் ஈரோடு ராமசாமி நாயக்கரும் திரு.வி.க.வும். எதிர்ப் பாசறையில் சீனிவாச அய்யங்காரும் சத்தியமூர்த்தியும். ராஜாஜி 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிக் கதர் வேலையில் மூழ்கினார். நாயக்கரோ வேறொரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டசபைக்குள் போவதும் வெளியே நிற்பதும் இருக்கட்டும். போகிறவர் எந்தச் சாதியார், நிற்கிறவர் எந்தச் சாதியார், மகாசபையில் பிராமணரல்லாதார்க்கு உரிய பங்கு என்ன என்று கேட்டார். சேரன்மாதேவி குருகுலத்தில் மாணவர்களுக்குத் தனிப்பந்தி நடந்தது குறித்த சர்ச்சை அக்கேள்வியைக் கூர்மையாக்கியிருந்தது. 1925 நவம்பரில், திரு.வி.க. தலைமையில் காஞ்சிபுரத்தில் நடந்த மாகாண மகாநாட்டில் அவருடைய வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. நாயக்கர் வெளியேறினார், திரும்பவில்லை.

கயையில் பிளந்த இரு சாராரையும் தில்லியிலும் பெல்காமிலும் அத்தனை பாடுபட்டு ஒட்டவைத்த மகாசபை, காஞ்சியில் அந்தப் பாட்டில் நூற்றில் ஒரு பங்கும் படவில்லை. தாஸ் தோற்றபோது அவருக்கு வழி தேடப்பட்டது. அவரிடம் வங்காளம் இருந்தது, பணபலம் இருந்தது, பத்திரிகை இருந்தது. ஈரோட்டாருக்கு யாரும் வழி தேடவில்லை. இதன் விளைவுகளைத் தமிழ்நாடு அடுத்த அரை நூற்றாண்டு கண்டது.

1926 தேர்தலில் சென்னை மாகாணத்தில் சுயராஜ்யக் கட்சி, தேர்தலால் நிரப்பப்படும் 98 இடங்களில் 41-ஐப் பெற்றுத் தனிப்பெருங் கட்சியாயிற்று. ஜஸ்டிஸ் கட்சிக்கு 21. கவர்னர் கோஷன் பிரபு அழைத்தும், சட்டசபைக் கட்சித் தலைவரான நரசிம்ம ராஜு கட்சிக் கட்டளைப்படி மந்திரி சபை அமைக்க மறுத்தார். எனவே குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன் சுயேச்சை மந்திரி சபை அமைத்தார். அது விழாமல் வெளியிலிருந்து தாங்கியவர்கள் யார்? சுயராஜ்யக் கட்சியினரே, ஜஸ்டிஸ் கட்சி மீண்டும் வந்துவிடக்கூடாது என்பது அவர்கள் கவலை. பதவி வேண்டாம், ஆனால் பதவியில் இருப்பவர் நமக்கு வேண்டியவராக இருக்க வேண்டும்! இந்த நிலையைத் தூய்மை என்பதா, சமரசம் என்பதா? இரண்டின் பழியும் வந்து சேர, இரண்டின் பயனும் கிட்டாத நிலை என்றுதான் எனக்குப் படுகிறது.

1929 லாகூர் மகாசபை சட்டசபைகளை விட்டு வெளியேறக் கட்டளையிட்டது. அடுத்த ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகம். ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்தார். அவ்வேகமும் தணிந்தபின், 1934 மார்ச்சு இறுதியில் தில்லியில் ஒரு மகாநாடு கூடிச் சுயராஜ்யக் கட்சியை உயிர்ப்பிக்க முடிவு செய்தது. அதற்குத் தலைமை வகித்தவர் யார் தெரியுமா? பன்னிரண்டு ஆண்டுகளுக்குமுன் அறுவர் குழுவில் கூடாது என்று எழுதிய அதே டாக்டர் அன்சாரி. காந்தியடிகள் தடை சொல்லவில்லை. அவ்வாண்டு நவம்பர்த் தேர்தலில் சென்னை நகரில் சத்தியமூர்த்தி, ஜஸ்டிஸ் கட்சியின் பெருந்தலைவர் ராமசாமி முதலியாரைத் தோற்கடித்து மத்திய சட்டசபைக்கு வந்தார்.

1937-இல் புதிய சட்டத்தின் கீழ் மாகாணத் தேர்தல் நடந்தது. சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 159 காங்கிரசுக்கு. பதவி ஏற்பதா என்ற பழைய கேள்வி புதிய உடையில் வந்தது. ஜவாஹர்லால் கூடாது என்றார். கவர்னர்கள் தம் விசேஷ அதிகாரத்தால் தலையிடமாட்டோம் என்று உறுதி தரட்டும் எனச் சில மாதங்கள் வாதம் நடந்தது. ஜூலையில் வார்தாவில் காரியக் கமிட்டி பதவி ஏற்க இசைந்தது. ஜூலை 14-ஆம் நாள் சென்னையின் பிரதம மந்திரியாகப் பதவிப் பிரமாணம் செய்தவர் ராஜாஜி. கயையில் சட்டசபைக்குள் கால் வைப்பதே பாவம் என்று வாதிட்டு வென்ற அதே ராஜாஜி. 1926-இல் சுயேச்சை மந்திரியாயிருந்த டாக்டர் சுப்பராயனும் அவருடைய சபையில் மந்திரி. 1923 முதல் சட்டசபைப் பிரவேசத்துக்காகவும், பின்னர்ப் பதவி ஏற்புக்காகவும் ஓயாது வாதாடி வந்த சத்தியமூர்த்திக்கு அந்த மந்திரி சபையில் இடமில்லை.

இதனை ராஜாஜியின் முரண்பாடு என்று நகைப்பவர் உண்டு. நான் நகைக்கத் துணியேன். பதவியில் அமர்ந்த இரண்டே கால் ஆண்டுகளில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு, குடியானவர் கடன் நிவாரணம், கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு ஆகியவற்றைச் செய்தார். புதுப்பாளையத்து ஆசிரமத்தில் பத்தாண்டுகள் கள்ளையும் கடனையும் தீண்டாமையையும் கண்ணால் கண்டவர் ஆதலால், என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. வெளியே நின்ற காலம் வீணாகவில்லை.

ஆனால் அவர் 1922-இல் மனித சுபாவத்தைப் பற்றி எச்சரித்தது அவரையும் விடவில்லை. 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்துக் கிளர்ச்சி மூண்டது. பிரிட்டிஷார் காங்கிரஸ் தொண்டர்களை அடக்குவதற்கு ஆண்ட கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டத்தை, காங்கிரஸ் ஓயாது கண்டித்து வந்த அதே சட்டத்தை, ராஜாஜியின் அரசாங்கம் தமிழர்மீது பிரயோகித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை சென்றனர். நடராசனும் தாளமுத்துவும் கைதிகளாக இருந்த நிலையில் 1939-இல் உயிர் நீத்தனர். சிறைப்பட்டவர்களுள் ஈரோடு ராமசாமி நாயக்கரும் ஒருவர். பதினைந்து ஆண்டுகளுக்குமுன் ராஜாஜியும் அவரும் ஒரே பாசறையில் நின்று சட்டசபையைப் புறக்கணிக்கச் சொன்னவர்கள். 1939 அக்டோபரில் யுத்தப் பிரச்சினையில் மந்திரி சபை ராஜிநாமாச் செய்தது. அடுத்த பிப்ரவரியில் கட்டாய இந்தியைக் கவர்னரின் ஆட்சி நீக்கியது.

மந்திரியாகாத சத்தியமூர்த்தி 1939-இல் சென்னை நகர மேயரானார். நகரில் கடுந்தண்ணீர்ப் பஞ்சம். பூண்டியில் நீர்த்தேக்கம் கட்டுவதற்காக அவர் கவர்னரோடும் அதிகாரிகளோடும் மன்றாடினார். யுத்த காலமாயிருந்தும் இசைய வைத்தார். 1940-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1942 இயக்கத்தில் சிறை சென்று உடல் நலிந்து, 1943 மார்ச்சு 28-ஆம் நாள் அவர் மறைந்தார். நீர்த்தேக்கம் 1944-இல் முடிந்தது. சென்னையில் உள்ள நம் உறவினர் வீட்டுக் குழாய்களுக்கு இன்றும் தண்ணீர் தரும் ஏரிகளில் ஒன்று அது. சத்தியமூர்த்தி சாகர் என்று அதற்குப் பெயர்.